சைலன்சர் சூட்டில் மின்சாரம்: வராதபோது எங்கே பார்ப்பது

2022 பங்குனி (மார்ச்) முடிவில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. எரிபொருள் நிலையங்களில் விடியுமுன்னே வரிசை. அதே ஆண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குப் பம்ப் எஞ்சினால் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்கும்போது, சைலன்சருக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எஞ்சினில் எரிகிற எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் குழாயால் வெளியே போய்விடுகிறது. அதில் கொஞ்சத்தைப் பிடித்து வீட்டுக்கு இரண்டு எல்ஈடி விளக்கும் ஒரு போன் சார்ஜும் எடுக்கலாமே என்று தொடங்கியதுதான் இந்த வேலை.

வேலை செய்கிறது. ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிராகவும் இருந்தால் மின்சாரம் தருகிற சிறிய தகடுகள் (தெர்மோஎலக்ட்ரிக் தகடுகள்) எட்டில் சுமார் 20 வாட் எடுக்கிறேன். வெறும் 20 வாட்தான் வேண்டுமென்றால் சூரியத் தகடு மலிவு, சோலியும் குறைவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் விடியப்புறமும் பின்னேரமும் இறைப்பவருக்கும், இரவில் கடலுக்குப் போகிறவருக்கும், எஞ்சின் ஓடுகிற நேரமும் வெளிச்சம் தேவைப்படுகிற நேரமும் ஒன்றாக வரும். அவர்களுக்கு இது பயன்.

என்னுடையதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிலர் செய்தார்கள். பிழைத்துப்போனால் என்னிடம் வருவார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்: “தம்பி, தகடு செத்துப்போச்சு.” நான் சொல்வதும் ஒன்றுதான்: “பொறுங்கோ அண்ணை, ஒண்டையும் கழட்டாதேங்கோ.” ஏனென்றால் பெரும்பாலும் தகடு சாகவில்லை. 1977இல் ஏவிய வோயேஜர் விண்கலங்கள் இரண்டும் இதே விதியில்தான், சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் வைத்த திண்மத் துண்டுகளால், இவ்வளவு காலமும் மின்சாரம் எடுத்து வருகின்றன. அசைகிற பாகமே இல்லாத பொருள் லேசில் சாகாது. தகடு சூட்டால் மின்சாரம் தருவதில்லை, சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தால் தருகிறது. ஆகவே பிழை வந்தால் முதலில் பார்க்கவேண்டியது குளிர்ப் பக்கம், அடுத்தது இறுக்கம், அதற்குப் பிறகுதான் தகடு.

என் அமைப்பு இது. சைலன்சருக்கு முன்னால் 50 மில்லிமீற்றர் சதுர பொக்ஸ் பார் ஒரு துண்டு. அதற்குள்ளால் புகை போகும். மேலே நாலு, கீழே நாலு என 40 மில்லிமீற்றர் சதுரத் தகடுகள் எட்டு. அவற்றுக்கு வெளியே மேலொன்று கீழொன்றாக அலுமினியத் தண்ணீர்ப் பெட்டிகள். பம்பின் இரண்டு அங்குலக் குழாயிலிருந்து மெல்லிய ஓஸ் ஒன்று பிரிந்து பெட்டிகளுக்குள்ளால் போய் வாய்க்காலில் விழும். எட்டுத் தகடும் தொடராக. சூடேறி நிற்கும்போது சுமை பூட்டாமல் அளந்தால் 40 வோல்ட், சுமையோடு 20 வோல்டில் 1 அம்பியர். இறைக்கிற எஞ்சினுக்கு இதைப் பொருத்துவதில் ஒரு பெரிய வசதி உண்டு: சூட்டைத் தருகிற அதே எஞ்சின் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவந்து தருகிறது.

கழற்றுவதற்கு முன் மூன்று அளவு

சுமையில்லாத வோல்ட், சூட்டுப் பக்க வெப்பநிலை, குளிர்ப் பக்க வெப்பநிலை. இந்த மூன்றும் கையில் இல்லாமல் ஸ்பானரை எடுக்க வேண்டாம்.

சந்தையில் கிடைக்கிற 40 மில்லிமீற்றர் தகட்டுக்குள் பொதுவாக 127 சோடித் துண்டுகள் இருக்கும். அப்படியான ஒரு தகடு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 0.05 வோல்ட் தரும். 5 வோல்ட் வந்தால் தகட்டின் இரண்டு முகங்களுக்கும் இடையில் உண்மையில் 100 பாகை வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது தகடே ஒரு வெப்பமானி. வெளியே அளந்தால் சூட்டுப் பக்கம் 200, குளிர்ப் பக்கம் 40, வித்தியாசம் 160. ஆனால் தகடு 3 வோல்ட்தான் தருகிறது என்றால் அதற்குக் கிடைப்பது 60 பாகை மட்டும். மிச்சம் 100 பாகையும் தகட்டுக்கு வெளியே, ஒட்டாத இடங்களில் தொலைகிறது. இந்த ஒரு கணக்கு பாதிப் பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெப்பநிலையை மல்டிமீற்றரோடு வருகிற கம்பி உணரியால் அளப்பது நல்லது. துவக்குப்போலப் பிடித்து அளக்கிற கருவி மினுங்குகிற அலுமினியத்தில் பொய் சொல்லும். 150 பாகையில் இருப்பதை 60 என்று காட்டும். அதைத்தான் பாவிக்கவேண்டும் என்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது குப்பி விளக்கின் சுவாலையில் அந்த இடத்தைப் பிடித்து ஒரு சதக்குற்றி அளவுக்குக் கரி படியவிட்டு, அந்தக் கறுப்பில் குறிவைத்து அளவுங்கள்.

குப்பி விளக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1950களில் சோவியத் நாட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் புகைபோக்கியைச் சுற்றி இதே மாதிரியான துண்டுகளைப் பொருத்தி வானொலி கேட்டார்கள். தொண்ணூறுகளில் இங்கே அதே விளக்கு வெளிச்சத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைக் கையால் சுற்றி நாங்கள் செய்தி கேட்டோம். ஒரு விளக்கே வெளிச்சத்தையும் வானொலியையும் சேர்த்துத் தந்திருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மீற்றரில் ஒன்றுமே இல்லை

தொடரில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் வயர் தகட்டோடு சேருகிற இடத்தில் முறிவது வழமை. வெளித்தோல் முழுதாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் அதுதான். மறுபடி ஈயம் வைத்த பிறகு, வயரைத் தகட்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு கம்பியால் கட்டி நிறுத்திவிடுங்கள். அதிர்வு அந்தக் கட்டோடு நின்றுவிடும்.

வயர் சரியென்றால் தகட்டைத் தனியாகப் பாருங்கள். ஒரு செம்பு நிறையக் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதன் வெளிச்சுவரில் தகட்டை வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்துங்கள். ஐந்து பாகை வித்தியாசம் கிடைத்தாலே கால் வோல்ட் அளவில் காட்டவேண்டும். காட்டினால் தகடு உயிரோடு இருக்கிறது. தடையை அளந்து பார்ப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனென்றால் கைச்சூடு பட்டாலே தகடு வோல்ட் தரும், அது மீற்றரைக் குழப்பும். அளக்கத்தான் வேண்டுமென்றால் வயரை மாற்றி மாற்றி இரண்டு முறை அளந்து நடுவெண்ணை எடுங்கள். இரண்டு மூன்று ஓம் வந்தால் நல்ல தகடு.

ஒன்றுமே இல்லாமல் போகாமல் எதிர்பார்த்ததில் முக்கால்வாசி வருகிறது என்றால், ஒரு தகடு தலைகீழாக இருக்கும். எட்டில் ஒன்று திரும்பினால் அது தருவதும் போகும், இன்னொன்று தருவதையும் தின்னும். 40 வோல்ட் 30 ஆகும்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாக வருகிறது, பிறகு இறங்கிக்கொண்டே போகிறது

அதிகம் பேர் கொண்டுவருகிற பிழை இது. இதில்தான் தகட்டை அநியாயமாகப் பழி சொல்கிறார்கள்.

ஒரு தகடு 2.5 வாட் மின்சாரம் தரவேண்டுமானால் சுமார் 80 வாட் சூடு அதற்குள்ளால் கடந்து போகவேண்டும். 100 பங்கு சூட்டில் 3 பங்குதான் மின்சாரம். மிச்சம் 97 பங்கும் குளிர்ப் பக்கத்துக்கு வந்து சேரும். அதை அங்கிருந்து எடுத்துப் போக ஆள் இல்லையென்றால் குளிர்ப் பக்கமும் சூட்டுப் பக்கத்தோடு சேர்ந்து ஏறும். வித்தியாசம் குறையும், வோல்ட் இறங்கும். தொடக்கத்தில் நன்றாக வந்ததற்குக் காரணம் அலுமினியம் அப்போது குளிர்ந்து கிடந்ததுதான். அது ஒரு வாளி மாதிரி. நிரம்பும் வரைக்கும் சூட்டை வாங்கும், நிரம்பியதும் வழியும்.

சூட்டைக் காற்றில் விடுகிற, உள்ளங்கை அளவு அலுமினிய விலாத்துண்டு ஒன்றைக் குளிர்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, தோட்டத்துக் காற்றே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. காற்றை மட்டும் நம்பினால் ஒவ்வொரு தகட்டுக்கும் கணினிக்குள் இருப்பது போல விசிறி வைத்த பெரிய துண்டு வேண்டும். அந்த விசிறிகள் தகடு தருகிற மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கைக் குடித்துவிடும். தண்ணீர் அப்படியல்ல. எட்டுத் தகட்டுக்கும் சேர்த்து 640 வாட் சூடு. நிமிடத்துக்கு 4 லீற்றர் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீர் இரண்டு பாகைக்குச் சற்றுக் கூடத்தான் சூடேறும். பம்ப் இறைக்கிற தண்ணீரில் அது ஒரு துளி. அதுவும் வாய்க்காலுக்குத்தான் போகிறது, வீணில்லை.

தண்ணீர் விட்டும் இறங்குகிறதா? ஓஸின் வாயில் ஐந்து லீற்றர் கான் ஒன்றைப் பிடித்து நேரம் பாருங்கள். 75 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 4 லீற்றர், அது போதும். மூன்று நிமிடம் எடுத்தால் எங்கோ அடைப்பு. செம்மண் தோட்டத்தில் முதலில் அடைபடுவது ஓஸ் பிரிகிற இடத்திலுள்ள சிறிய வால்வுதான்.

தண்ணீர் தாராளமாக ஓடியும் பெட்டியில் ஒரு மூலை மட்டும் சுடுகிறது என்றால் உள்ளே காற்று சிறைப்பட்டிருக்கிறது. தண்ணீர் கீழிருந்து ஏறி, மேல் முனையால் வெளியேறவேண்டும். நான் முதலில் மேலிருந்து கீழாகத்தான் விட்டேன். பெட்டியின் மேற்பாதி முழுக்கக் காற்று. அந்தப் பக்கத்து இரண்டு தகடுகள் பாதிகூடத் தரவில்லை. ஓஸ் இரண்டையும் இடம் மாற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை, சரியாகிவிட்டது.

இரண்டு பக்க வெப்பநிலையும் சரி, வோல்ட் மட்டும் இல்லை

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெளியே 160 பாகை, தகட்டின் பேச்சில் 60 பாகை. அப்படியானால் தகடு வடிவாக ஒட்டவில்லை.

பொக்ஸ் பாரின் முகம் கண்ணுக்கு மட்டம்போலத் தெரியும், ஆனால் மட்டமில்லை. இரும்பு அடிமட்டம் ஒன்றை நிமிர்த்திவைத்து, பின்னால் ரோர்ச் பிடித்தால் நடுவில் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம்தான் உங்கள் வோல்டைத் தின்கிறது. லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி எடுக்கவேண்டும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு சீவுங்கள். வெல்டிங் சூட்டில் இரும்பு மறுபடி நெளியும்.

அடுத்தது இறுக்கம். இந்தத் தகடுகளுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 10 முதல் 14 கிலோ வரை அழுத்தம் வேண்டும். 40 மில்லிமீற்றர் தகட்டுக்கு அது 160 முதல் 220 கிலோ. ஒரு தகட்டின் மேல் இரண்டு மூன்று பேர் ஏறி நிற்பதற்குச் சமம். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் தகட்டின் இரண்டு முகமும் பீங்கான், அது நேரே அழுத்தினால் தாங்கும், சரித்து அழுத்தினால்தான் வெடிக்கும். ஆகவே போல்ட்களை மூலைக்கு மூலை மாறி, ஒவ்வொன்றாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மற்றப் பக்கம் போனால், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட தகட்டை எடுத்துவிடுங்கள்.

போல்டுக்கு வெறும் வாசர் போடாமல், கிண்ணம்போலக் குழிந்த ஸ்பிரிங் வாசரை இரண்டு மூன்றாக அடுக்கிப் போடுங்கள். 50 மில்லிமீற்றர் இரும்பு 200 பாகைக்கு ஏறும்போது சுமார் 0.1 மில்லிமீற்றர் விரியும். ஒரு தலைமுடியின் தடிப்பு. விறைப்பான போல்ட் அதற்கு இடம் கொடுக்காது; அழுத்தம் முழுவதும் தகட்டில் விழும். ஆறியதும் தளரும், நாளைக்கு இரண்டு தரம் இப்படி நடந்தால் தகடு ஒருநாள் பிளக்கும். கிண்ண வாசர் அந்த முடித் தடிப்பைத் தன் வளைவில் வாங்கிக்கொள்ளும்.

கணினிக்குப் பூசுகிற வெள்ளைப் பசையைச் சூட்டுப் பக்கத்தில் பூசினால் காய்ந்து சுண்ணாம்பாகும். அந்தப் பக்கத்துக்குக் கிராபைட் தாள் நல்லது, பசையைக் குளிர்ப் பக்கத்தோடு நிறுத்துங்கள். பூசுவதும் மெல்லிசாக. பாணுக்குப் பட்டர் பூசுவது போலப் பூசினால் பசையே தடையாகிவிடும்.

சூட்டுப் பக்கம் சூடாகவேயில்லை

சைலன்சரில் கை வைக்க முடியாத சூடு, ஆனால் பொக்ஸ் பார் 110 பாகையைத் தாண்டவில்லை. புகை சூடாகத்தான் போகிறது, ஆனால் நடுவால் நழுவிப் போகிறது, சுவரில் சூட்டைக் கொடுக்கவில்லை. உள்ளே நீளவாக்கில் மூன்று நாலு இரும்பு விலாக்களை வெல்டிங் செய்தால் சூடு சுவருக்கு வரும். மேலே அழுத்துகிற எடையில் சுவர் உள்ளே அமுங்காமலும் அவை தாங்கும்.

விலா இருந்தும் சூடில்லை என்றால் எஞ்சினின் சுமையைப் பாருங்கள். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது புகை மிகவும் குளிர்ந்தது. லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) முற்றத்தில் ஓடவிட்டுச் சோதித்துவிட்டு வரவில்லை என்று சொன்னவருக்கு, வயலில் கலப்பையைப் போட்டதும் வந்தது.

வோல்ட் இருக்கிறது, விளக்கைப் பூட்டினால் விழுகிறது

பாதிக்கு விழுந்தால் பிழையே இல்லை. தகட்டுக்குள் இருக்கிற தடையும் வெளியே இருக்கிற சுமையும் சமமாகும்போதுதான் அதிகபட்ச வலு கிடைக்கும். அப்போது வோல்ட் சரிபாதியாக நிற்கும். பூட்டிய பிறகு ஒரு நிமிடத்துக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதுவும் இயல்பு. மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் அது தன்னோடு சூட்டையும் இழுத்துக்கொண்டு போவதால் வித்தியாசம் சற்றுக் குறைகிறது.

காற்பங்குக்கும் கீழே விழுந்தால் எங்கோ தடை கூடியிருக்கிறது. சுமையோடு ஓடவிட்டு ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக அளவுங்கள். மற்றவை இரண்டரை வோல்ட் காட்டும்போது ஒன்று மட்டும் சைபர் அல்லது எதிர்க் குறி காட்டினால் அதற்குள்தான் வெடிப்பு. எல்லாம் ஒரே அளவு காட்டியும் முனையில் குறைந்தால் வயர் மெல்லிசு.

தகடு வாங்கியபோது கடையில் சொன்ன எண்ணை நம்பி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். 100 பாகையில் 4.8 வோல்ட், 669 மில்லியம்பியர் என்று ஒரு மலிவான தகட்டுக்கு எழுதியிருப்பார்கள். இரண்டையும் பெருக்கி 3.2 வாட் என்று கணக்குப் போடக்கூடாது. முதலாவது சுமையே இல்லாத வோல்ட், இரண்டாவது முனைகளை ஒன்றாகச் சேர்த்த மின்னோட்டம். உண்மையில் எடுக்கக்கூடியது அந்தப் பெருக்கத்தில் காற்பங்கு, 0.8 வாட்.

பற்றரி ஏறவில்லை, ஏறினாலும் விடியப் பார்த்தால் வெறுமை

சூரியத் தகட்டுக்கு விற்கிற சார்ஜ் கட்டுப்படுத்தியைத்தான் எல்லோரும் பூட்டுகிறார்கள். சில கட்டுப்படுத்திகள் சுமையில்லாத வோல்டை அளந்து, அதில் முக்காற்பங்குக்குக் கிட்ட நின்று வேலை செய்யும். சூரியத் தகட்டுக்கு அது சரி. இதற்கு வேண்டியது பாதி. என் 40 வோல்டில் 30இல் நின்றால் அரை அம்பியர், 15 வாட். 20இல் நின்றால் ஒரு அம்பியர், 20 வாட். நேரே பற்றரியில் பூட்டினால்கூட 13 வோல்டில் 17 வாட்டுக்கு மேல் வந்தது, அதாவது பிழையான கட்டுப்படுத்தியைவிட அதிகம். வோல்டைக் கூட்டிக் குறைத்துத் தானே தேடிப்பிடிக்கிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டு மூன்று தகட்டோடு, வோல்டை ஏற்றுகிற சிறிய மின்சுற்றுப் பலகையைப் பூட்டியவர்களுக்கு விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். பலகை தகட்டால் தர முடியாததை இழுக்கிறது. வோல்ட் விழுகிறது, பலகை நிற்கிறது, மறுபடி எழும்புகிறது. பலகையில் மின்னோட்டத்தைக் குறைக்கிற திருகாணி இருந்தால் மினுங்கல் நிற்கும்வரை குறையுங்கள்.

நேரே பூட்டியதில்தான் நானும் ஒரு பற்றரியை இழக்கப் பார்த்தேன். பின்னேரம் நிறைந்திருந்தது விடிய இறங்கியிருந்தது. தகடுகளைப் பார்க்கப் போனால் தண்ணீர்ப் பெட்டி வியர்த்திருந்தது. தோட்டத்தில் வேறெதுவும் நனையவில்லை, பெட்டியின் அடியில் மட்டும் வரிசையாகத் துளிகள். எஞ்சின் நின்ற பிறகு பற்றரி தகடுகளுக்குள் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. தகடு இரவு முழுக்கக் குளிரூட்டியாக வேலை செய்திருக்கிறது. 12 வோல்ட், 20 ஓம், 0.6 அம்பியர்; பத்து மணித்தியாலத்தில் 6 அம்பியர்-மணி. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற சொட்கி டயோட் ஒன்றைத் தொடரில் போட்டால் தீர்ந்தது. அரை வோல்டுக்கும் குறைவாகத்தான் அது எடுக்கும்.

ஒரே நாளில் எல்லாம் போய்விட்டது

இதில் தகடு உண்மையிலேயே செத்திருக்கும். ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டு பீங்கானுக்கும் நடுவில் குண்டூசித் தலை அளவில் வெள்ளி உருண்டைகள் தெரிந்தால், உள்ளே ஈயம் உருகி வழிந்திருக்கிறது.

குளிர்ப்பெட்டிக்கு விற்கிற சாதாரண பெல்டியர் தகட்டை வாங்கிப் போட்டவர்களுக்கு இது முதல் நாளே நடக்கும். பல மலிவான தகடுகளுக்குள் இருக்கிற பிஸ்மத்-வெள்ளீயக் கலவை 138 பாகையில் உருகிவிடும். அதுவும் மின்சாரம் எடுக்கிற தகடும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான், ஒரே அளவு, ஒரே சிவப்புக் கறுப்பு வயர். வாங்கும்போது சூட்டுப் பக்கம் எத்தனை பாகை தாங்கும் என்று கேளுங்கள். மின்சாரம் எடுக்கவென்று செய்த தகடுகளில் 200 பாகைக்கு மேல் தாங்குவன கிடைக்கின்றன.

எனக்கு நடந்தது வேறு. ஆவணியில் கிணறு கீழே போயிருந்தது. இறைத்துக்கொண்டிருக்கும்போது, கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் நுனியிலுள்ள புட்வால்வ் காற்றை இழுத்துவிட்டது. பம்ப் வெறுமனே சுற்றியது, எஞ்சின் சுமையில்லாமல் அலறியது, தண்ணீர்ப் பெட்டிக்குள் ஒரு சொட்டு இல்லை. நான் பாத்தி மாற்றிக்கொண்டு தோட்டத்தின் மறுமுனையில் நின்றேன். ஓடி வந்து நிறுத்துவதற்குள் பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் ஆவியாகி ஓஸால் சீறிக்கொண்டிருந்தது. நாலு தகடு போய்விட்டது. அவ்வளவு நாள் வேலையும் ஐந்து நிமிடத்தில்.

அதற்குப் பிறகு தண்ணீர்ப் பெட்டியின் மேல் சதக்குற்றி அளவு வெப்ப ஆளி ஒன்றைத் திருகினேன். 70 பாகையில் தொடுகிற வகை. ஒரு முனை எஞ்சின் உடம்போடு, மறுமுனை எஞ்சினை நிறுத்துகிற வயரோடு. பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில் அந்த வயர் உடம்பில் தொட்டால் நெருப்புப்பொறி நின்றுவிடும். தண்ணீர் நின்றால் எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினை இப்படி நிறுத்த முடியாது; அதற்கு அதே ஆளியில் ஒரு ஹோர்ன் பூட்டுங்கள். இதை வைக்காமல் யாரும் இந்த அமைப்பை ஓட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எஞ்சின் இழுக்கவில்லை, கறுப்புப் புகை

புகை போகிற வழி நெருக்கமாகிவிட்டது. விலாக்களுக்கு நடுவே மிஞ்சுகிற இடைவெளி எல்லாவற்றையும் கூட்டினால், பழைய குழாயின் வாயளவுக்குக் குறையக்கூடாது. சந்தேகமிருந்தால் பொக்ஸ் பாருக்கு முன்னால் ஒரு சின்னச் செம்புக் குழாயை ஒட்டி, அதில் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயை வளைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வளைவின் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் ஒரு கிலோபஸ்கால். அமைப்பைப் பூட்டியும் கழற்றியும் இரண்டு தரம் அளந்தால் உண்மை தெரியும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சரின் வடிவமே எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு, அதில் கை வைக்காமல் பின்னால் பொருத்துங்கள்.

பம்ப் கொட்டிலுக்குள் நிற்கும்போது தலையிடி வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே வெளியே வாருங்கள். மூட்டில் புகை கசிகிறது. புகையில் இருக்கிற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. ஆறிய பிறகு மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசி, எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டால் குமிழி வருகிற இடம் தெரியும்.

படகில் பூட்டியது ஒரு மாதத்தில் பச்சை பிடித்தது

உப்புக்காற்று. தகட்டின் நாலு ஓரத்தையும் சூடு தாங்கும் சிலிக்கன் பசையால் மூடாமல் மயிலிட்டிக்கோ பருத்தித்துறைக்கோ கொண்டுபோகக்கூடாது. கடல்நீரை நேரே அலுமினியப் பெட்டிக்குள் விடவும் வேண்டாம். செம்பு மூட்டும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றாக இருந்தால் அலுமினியம் அரித்து ஓட்டையாகும்.

மெதுவாக, மாதக்கணக்கில் குறைகிறது

தொடக்கத்தில் 40 வோல்ட். நாலு மாதத்தில் 33. கானில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் அதே நிமிடத்துக்கு 4 லீற்றர். இறுக்கம் சரி. வயர் சரி.

வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல், கிணற்றில் வருவது அதைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர். சூடான சுவரில் பட்டதும் கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைப் படிவாக ஒட்டும். தண்ணீர்ப் பெட்டியின் உட்சுவரில் நடப்பதும் அதுதான். தண்ணீர் குளிர்ந்துதான் ஓடும், ஆனால் படிவுக்கு அப்பால் இருக்கிற அலுமினியம் சூடாக நிற்கும். ஓஸைக் கழற்றி விரலை விட்டால் முட்டைக்கோது மாதிரிக் கையில் வரும். மறுபக்கம் பொக்ஸ் பாருக்குள் கரி. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்கு அது இன்னும் கெதியாகப் படியும்; சூட்டுக்குக் கரி ஒரு போர்வை.

கரியை வயர் பிரசால் தேய்த்துத் தட்டுங்கள். பெட்டிக்கு வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள், இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். உள்ளே நுரைக்கிற சத்தம் கேட்கும். சத்தம் அடங்கியதும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காமல், நல்ல தண்ணீரால் மூன்று தரம் கழுவிவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் புளி அலுமினியத்தையும் தின்னும். போன மாசி மாதம் இப்படிக் கழுவினேன். வாளியில் விழுந்த தண்ணீர் அரிசி கழுவியதுபோல வெள்ளையாக இருந்தது. அடுத்த நாள் விடிய எஞ்சினை முடுக்கி இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தபோது மீற்றர் 39இல் நின்றது.